வெட்டிய பதினொரு விநாடி

1

ரெஜினாவின் வீட்டுப் படிகளில் இறங்கி செந்தூல் கொமுட்டர் ரயில் ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஐந்தாவது மாடித் தாழ்வாரத்தில் அவள் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. பிற்பகல் மூன்று மணி வெயில். ரோட்டின் அந்தப் பக்கம் ரயில்வே பட்டறைக்காரர்களின் பழைய பிளாட்டுகளைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். புது கொண்டோ அடுக்குமாடி வரப்போகிறது. கதவு, மெத்தை, சாமிப் படம் வைக்கிற பலகை என்று எல்லாவற்றையும் ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

சற்றுமுன்தான் ரெஜினாவுக்கு அவள் அப்பா பேசிய நான்கு வாக்கியங்களைச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவர் இறந்தபோது அவளுக்கு ஒரு வயது. அந்த நான்கு வாக்கியங்களும் ஓர் இசைத்தட்டில் இருந்தன. தட்டை சிடியாக மாற்றியபோது அவற்றை வெட்டி எறிந்தவன் நான். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கேட்டதை நினைவில் வைத்திருந்தேன், அதை அவளிடம் ஒப்படைத்துவிட்டேன், வந்த காரியம் முடிந்தது என்று நடந்தேன்.

ஸ்டேஷன் படியில் கால் வைத்தபோது அந்தச் சந்தேகம் வந்தது. முதல் மூன்று வாக்கியங்களை அவர்தான் சொன்னார். நான்காவதை அவர் சொன்னாரா, அவள் முகத்தைப் பார்த்து நானே சேர்த்துவிட்டேனா?

அந்த நான்காவதைத்தான் அவள் அப்பாவின் கல்லறையில் செதுக்கப் போகிறாள்.

2

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று ஆகிவிட்டது. பட்டுக்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் சேர்ந்தேன். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கடைகள் தெரியும். பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் மறுநாள் காலி கேசட்டில் பதிந்து தருவோம். பதிந்தவர் பெயரை உறையில் எழுதுவது அந்தக் கடையின் வழக்கம். ‘பதிவு: செல்வம்’ என்று என் பெயரை அச்சு மாதிரி எழுதிப் பழகினேன். பரீட்சைத் தாளில்கூட அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

வெளிநாட்டில் இருக்கிற புருஷனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பவும் பெண்கள் வருவார்கள். ஒருமுறை ஒரு அக்கா பேச்சுக்கு நடுவே நடுவே இருமிக்கொண்டே இருந்தார். அவர் போனபிறகு இருமல்களையெல்லாம் எடுத்துவிட்டு, சுத்தமாக இன்னொரு கேசட்டில் பதிந்து வைத்து, பழையதை அழித்தேன். மறுநாள் வந்து கேட்டவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இருமல ஏன்டா எடுத்த?”

“நல்லாருக்கட்டுமேன்னுதான்க்கா.”

“நல்லாருக்கேன்னு நான்தான் வாயால சொல்றேனே. இருமலக் கேட்டாத்தானேடா அந்த மனுசன் டிக்கெட்டு போடுவாரு!”

முதலாளி சிரித்துவிட்டு மறுபடி பதியச் சொன்னார். அந்த நேரம் பார்த்து இருமல் வரவில்லை. அந்த அக்காவே வேண்டுமென்று இருமினார். அது பொய் இருமல் என்று எனக்கே கேட்டது. அவர் புருஷனுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்?

அன்றைக்கே நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்றுக்கொள்ளவில்லை.

3

கேசட் கடைகள் படுத்ததும் ஊரில் கொஞ்சம், திருப்பூரில் கொஞ்சம் என்று அலைந்துவிட்டு மலாய் நாட்டில் கிள்ளானுக்கு வந்தேன். பாஸ்போர்ட்டில் குத்திய பெர்மிட்டின்படி நான் கிள்ளானில் ஒரு சாப்பாட்டுக் கடையின் ஊழியன். எட்டு மாதம் பாத்திரம் கழுவினேன். கையில் தோல் உரிந்தது. அங்கே அடிக்கடி சாப்பிட வந்த மணியம் என்பவர், எனக்கு கேசட் வேலை தெரியும் என்று கேள்விப்பட்டு, தலைநகரில் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த தன் கடைக்குக் கூட்டிப்போனார். பெர்மிட் கிள்ளானிலேயே இருந்தது. ஆள் மட்டும் இடம் மாறினேன்.

கீழே கடை. பூ, ஊதுபத்தி, பாட்டு சிடி. மாடியில் ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், சிடி எழுதும் பெட்டிகள். திருட்டு சிடிதான், அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மணியத்துக்கு ஒரு கிறுக்கு இருந்தது. கம்பெனிகள் மறந்துபோன உள்ளூர்க்காரர்களின் பழைய தட்டுகளைத் தேடிப் பிடித்து சிடியாகப் போடுவார். “படம் பாட்ட எவன் வேணும்னாலும் போடுவான் செல்வம். இத நம்ம போடலன்னா எவன்லா போடுவான்?” என்பார்.

அப்படி வந்தவைதான் ‘ஷெட் நம்பர் ஃபைவ்’ என்ற ராக் குழுவின் இரண்டு ஆல்பங்கள். செந்தூல் ரயில்வே பட்டறைப் பிள்ளைகள் நான்கு பேர். தமிழில் கித்தார், டிரம்ஸ், கத்தல். அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்குப் போய், சொந்தச் செலவில் சில நூறு தட்டு அடித்து, பாதியை விற்க முடியாமல் யார் வீட்டிலோ போட்டு, அதுவும் வெள்ளத்தில் போனது என்று மணியம் சொன்னார். தட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தது டிரம்ஸ் வாசித்த பெனடிக்டின் மனைவி லூசி. வீட்டில் தட்டு சுழற்றும் பெட்டி கெட்டுப்போயிருந்தது. “சிடியில போட்டுக் குடுங்க, பிள்ள கேக்கணும்” என்று கீழே மணியத்திடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அப்போது மார்க்கெட்டில் ‘டூ இன் ஒன்’ என்று ஒரு வழக்கம். இரண்டு ஆல்பம் ஒரே சிடியில் இருந்தால்தான் ஜனங்கள் கையில் எடுப்பார்கள். எங்களிடம் இருந்த மலிவான காலி சிடி எழுபத்து நான்கு நிமிஷம்தான் தாங்கும். இரண்டு தட்டும் சேர்ந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே போயிற்று. பாட்டைக் குறைக்க முடியாது. ஆகவே பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இரண்டு விநாடிதான் விடுவேன். கரகரப்பு, இருமல், பேச்சு, குச்சி தட்டல் எல்லாம் போய்விடும். கீறல் சத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். நான்கு நாள் வேலை. முடித்ததும் உறையின் பின்பக்கத்தில் பட்டுக்கோட்டைப் பழக்கத்தில் எழுதினேன்: ‘ஒலி சுத்தம்: செல்வம்’. திருட்டு சிடியில் தன் பெயரைப் போட்டவன் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மணியம் பார்த்துவிட்டு, “அட்ரஸும் போடு, போலீஸ்காரனுக்கு ஈசியா இருக்கும்” என்றார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.

அந்த இரண்டாவது தட்டின் கடைசிப் பாட்டுக்கு முன்னால் ஒரு குழந்தையின் அழுகையும் ஓர் ஆளின் பேச்சும் இருந்தன. பதினொரு விநாடி. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று நான்கைந்து முறை போட்டுக் கேட்டுவிட்டு வெட்டினேன். வெட்டு சற்று உள்ளே போய், பாட்டின் முதல் அடியிலும் ஒரு துளி போய்விட்டது. சரி, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

4

சிடி அடித்து, கடைகளுக்கும் பாசார் மாலம் இரவுச் சந்தைக்கும் போய்ச் சேர்ந்த மறுவாரம் ரெய்டு வந்தது. காலை பதினோரு மணி இருக்கும். கீழே மணியம் சத்தமாக இருமினார். அது எங்களுக்குள் அடையாளம். அந்த நேரத்தில் லூசியின் இரண்டாவது தட்டு சுழல்மேசையின் மேல் இருந்தது. முதல் தட்டு பக்கத்தில் உறையோடு. இரண்டையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள மூன்று விநாடி போதும். நான் எடுக்கவில்லை. கிள்ளானில் பாத்திரம் கழுவ வேண்டியவனை இங்கே பிடித்தால் லாக்கப், அப்புறம் விமானம். பின் ஏணியில் இறங்கி சந்து வழியாக ஓடினேன்.

அதிகாரிகள் மாடியில் இருந்த எல்லாவற்றையும் சாக்கில் அள்ளிப்போனார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். “இந்த ரெண்டும் அசல், ஒரு அம்மாவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியது” என்று சொல்ல அங்கே ஆளில்லை. பிறகு பேப்பரில் படம் வந்தது. ரோடு ரோலர் சிடிக் குவியலின் மேல் போகிறது. குவியலின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. அதுதான் என்று என்னால் சொல்ல முடியாது. அது இல்லை என்றும் சொல்ல முடியாது.

எங்கள் கள்ளப் பிரதிகள் வீடு வீடாகப் போய் தப்பித்துக்கொண்டன. அசல் மட்டும் நசுங்கியது.

5

அதற்குப் பிறகு நான் பார்த்த வேலைகளை எழுதினால் உங்களுக்கு அலுத்துவிடும். லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் அட்டெண்டன், கார் கழுவும் இடம், கோயில் மடப்பள்ளி, கடைசியாக அம்பாங்கில் செக்யூரிட்டி கார்டு. இங்கே பிறந்த கமலாவைக் கட்டி, பூச்சோங்கில் குடியிருக்கிறேன். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க ஒவ்வொரு முறையும் கவுன்டரில் விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். ‘தொழில்’ என்ற இடத்தில் போன முறை எழுதியதை நான் ஒருபோதும் திரும்ப எழுதியதில்லை. ஒரு மலாய்க்கார அம்மா என் ஃபைலைப் புரட்டிவிட்டு, “பாக்சிக், உங்களுக்கு எந்த வேலதான் பிடிக்கும்?” என்று மாமா முறை வைத்துக் கேட்டே விட்டார். அதற்குச் சொல்ல எனக்குத் தமிழிலேயே பதில் இல்லை. மலாயில் எங்கே போக?

மகன் தினேஷுக்கு இருபத்திரண்டு வயது. வீட்டில் இருந்தாலும் காதில் இயர்போன். நான் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேசினால், “பா, ஷார்ட்டா சொல்லுங்க” என்பான். அவன் ஒருநாள் தானாக வந்து போனை நீட்டினான்.

“பா, இது நீங்க போட்டதா? உங்க பேரு இருக்கு.”

யாரோ எங்கள் சிடியை அப்படியே இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். உறைப் படமும் என் பெயரும் தெரிந்தன. கீழே எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதியிருந்தார்கள். தினேஷ் படித்துச் சொன்னான். ஒருவர், கடைசிப் பாட்டு முன்னறிவிப்பே இல்லாமல் மூஞ்சியில் அறைகிற மாதிரி ஆரம்பிக்கிறது, என்ன துணிச்சல் என்று எழுதியிருந்தார்.

“அந்த ஸ்டார்ட் செம லா பா,” என்றான் தினேஷ். அவன் என்னைப் பாராட்டி எத்தனையோ வருஷம் ஆகிறது. அது என் கை தவறியது என்று நான் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து ரெஜினா போன் செய்தாள். பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை பூக்கடையாகக் கேட்டு என் நம்பரைப் பிடித்திருக்கிறாள். பெனடிக்டின் மகள் என்றாள். நேரில் பேச வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில்தான் இருப்பேன் என்றாள். நன்றி சொல்லக் கூப்பிடுகிறாள் என்றுதான் நினைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். கமலாகூட, “என்ன, பொண்ணு பாக்கப் போறீங்களா?” என்றாள்.

6

“உக்காருங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீங்க. பாலில்லாத தே ஓ போடவா?”

மேசைமேல் அந்த சிடி இருந்தது. உறை வெளுத்துப் போயிருந்தது. சுவரில் சிலுவைக்குக் கீழே, டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மெலிந்த ஆளின் படம்.

“ஒலி சுத்தம் செல்வம்னு போட்டிருக்கே, நீங்கதானே?”

“நான்தாம்மா.” நான்கு நாள் உட்கார்ந்து கீறல்களை ஒவ்வொன்றாக எடுத்த கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

“கடைசிப் பாட்டுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுண்ணே?”

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். அவளே மேலே சொன்னாள்.

“அந்த ரெக்கார்டுல அப்பா என்னப் பத்திப் பேசியிருக்காருன்னு அம்மா சொல்லுவாங்க. என்ன பேசினாருன்னு கேட்டா, ஒருதடவ ஒன்னு சொல்வாங்க, இன்னொரு தடவ வேற மாதிரி. கடை சீல் வெச்சுட்டாங்கன்னு தெரிஞ்சு, அம்மா பாசார் மாலத்துல காசு குடுத்து இந்த சிடிய வாங்கிட்டு வந்தாங்க. கடைசிப் பாட்டப் போட்டாங்க. டமார்னு ஆரம்பிச்சுது. எந்திரிச்சுப் போய் அரிசி களஞ்சாங்க. போன வருசம் அம்மாவும் போய்ட்டாங்க. பேண்ட்ல இருந்த யாரும் இப்ப இல்ல. வெளிநாட்டுல வெச்சிருக்கறவங்களுக்கும் எழுதிப் பாத்தேன். மொத தட்டுதான் இருக்குங்கறாங்க.”

“அத நான் சுத்தம் பண்ணிட்டேம்மா.”

“சுத்தம்னா?”

“வெட்டிட்டேன்.”

“வெட்டுனத எங்கயாச்சும் வெச்சிருக்கீங்களா?”

“வெட்டுனத யாரும்மா வெச்சுக்குவாங்க?”

அவள் சிடி உறையைத் திருப்பி என் பெயரைப் பார்த்தாள். “கீறல்லாம் எடுத்தேன்னீங்களே. எங்கப்பாவும் உங்களுக்குக் கீறலாண்ணே?”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எழுந்து வந்திருப்பேன்.

“எனக்கு ஞாபகம் இருக்கும்மா,” என்றேன். “வெட்டறதுக்கு முன்னாடி நாலஞ்சு தடவ கேட்டேன்.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். “அப்ப சொல்லுங்க.”

சொன்னேன். முதலில் குழந்தை அழுகிறது. யாரோ எழுந்திருக்கிற நாற்காலிச் சத்தம். பிறகு அவர்: “இருங்கடா, பாப்பா அழுவுது. லூசி, வெளிய தூக்கிட்டுப் போகாத. அழுவட்டும்.”

ரெஜினாவின் முகம் இன்னும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

“அவளும் நம்ம பேண்டுதான்,” என்றேன். “அப்புறம் குச்சியால நாலு தட்டு. பாட்டு.”

அவள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “குரல் எப்படி?” என்று கேட்டாள்.

“கம்மின குரல். சளி பிடிச்ச மாதிரி.”

“எனக்கும் அப்படித்தாண்ணே!” அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. “ஆபீஸ்ல எல்லாரும் சளியா சளியான்னு கேப்பாங்க. அவர மாதிரி ஒருதடவ சொல்லிக் காட்டுங்க.”

தொண்டை கட்டினவன் மாதிரி சொல்லிப் பார்த்தேன். பட்டுக்கோட்டை அக்காவின் பொய் இருமல் மாதிரியே இருந்தது.

“போதும்ண்ணே. அது உங்க குரல்தான்,” என்றாள். பிறகு, “கடைசி வரிய மட்டும் மறுபடி சொல்லுங்க. அப்பா கல்லறைக்குப் புதுக் கல்லு வெக்கிறோம். வெறும் பேரும் தேதியும்தான் போடறதா இருந்துச்சு. இதப் போட்டா நல்லாருக்கும்ல?”

“போடும்மா. நல்லாருக்கும்.”

ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை நான்.

7

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “போன் பண்ணிச் சொல்லிடுங்க. கல்லுல வெட்டுனப்புறம் என்ன பண்ணுவீங்க, அதையும் சுத்தம் பண்ணுவீங்களா?”

தினேஷ் ஒரு காதின் இயர்போனை எடுத்துவிட்டு, “பா, அவங்களுக்கு அது சந்தோசம்னா விட்டுடலாம்ல? யாருக்குத் தெரியப் போகுது?” என்றான்.

யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நானும் ஒருமுறை நினைத்திருக்கிறேன். ஆனால் அந்த வரி பொய் என்று உறுதியாகத் தெரிந்தால் சுலபம். கண்ணை மூடினால் அவர் சொல்வது கேட்கிறது. அதே வரியை நான் சொல்வதும் கேட்கிறது. இரண்டும் இப்போது ஒரே குரலாக இருக்கின்றன. வெட்டியது மட்டும்தான் என் குற்றம் என்று இருந்தேன். இப்போது ஒட்டவும் செய்தேனோ என்னவோ.

தட்டு எங்காவது இருக்க வேண்டும். பட்டறைப் பிள்ளைகள் அடித்த தட்டு பட்டறைக்காரர்கள் வீட்டில்தானே இருக்கும். அப்போதுதான் மத்தியானம் பார்த்த லோரி ஞாபகம் வந்தது. அதன் கதவில் கிள்ளானில் இருக்கும் ஒரு பழைய சாமான் கிடங்கின் பெயர் எழுதியிருந்தது. லோரி அட்டெண்டனாக இருந்தபோது அங்கே போயிருக்கிறேன். கார்டு வேலைக்கு இனி வரவில்லை என்று அம்பாங்குக்குச் செய்தி அனுப்பினேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு கிள்ளான் கிடங்கில் நின்றேன். கிடங்கு முதலாளியான சீனத் தவுக்கே என் தலை நரையைப் பார்த்தார். “இது பாரம் தூக்குற வேல லா அண்ணே. முடியுமா?” தமிழர்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வந்திருந்தது.

“முடியும் பாஸ். செந்தூல் லோரி இங்கதானே வருது?”

“வருது. இன்னும் ரெண்டு மாசம் வரும். ஏழு பிளாக் இருக்கு.”

ரெஜினாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பப் போய், என் குரலை அவள் இன்னொரு முறை கேட்க வேண்டாம் என்று எழுதியே அனுப்பினேன். ‘மூன்று வரி நிச்சயம். நான்காவது நான் சேர்த்ததாக இருக்கலாம். கல் வெட்டுகிறவரிடம் இப்போது சொல்ல வேண்டாம். தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.’ இரண்டு நீலக் கோடு வந்தது, படித்துவிட்டாள். பதில் வரவில்லை.

தவுக்கே கையுறை கொடுத்து வேலையைச் சொன்னார். இரும்பு இந்தப் பக்கம், மரம் அந்தப் பக்கம், பேப்பர் உள்ளே. பிளாஸ்டிக் எல்லாம் சாக்கில். கேசட், சிடி, பழைய பாட்டுத் தட்டு எல்லாமே பிளாஸ்டிக்தான்.

“தட்டு மட்டும் நான் பாத்துட்டுப் போடறேன் பாஸ்,” என்றேன்.

“பாத்துக்க. ஆனா கை நிக்கக் கூடாது.”

எட்டரைக்கு முதல் லோரி வந்து பின்கதவைத் திறந்தது.